கதவோரத்துக்கு அளந்த ஒலி

ஒரு அறை ஒலியை எப்படிக் கெடுக்கிறது என்று அளந்து, அந்தக் கோணலை ஒரு பெட்டியைக் கொண்டு நிமிர்த்தலாம் என்பதை நான் ஒரு வீடியோவில்தான் முதலில் பார்த்தேன். பேசியவர் வெளிநாட்டுக்காரர். பாதி புரிந்தது. மீதிப் பாதி மறுபடி பார்த்தபோதும் புரியவில்லை. ஆனால் அவருடைய அறைக்கும் நம் வீட்டு முன்னறை மாதிரி நாலு சுவரும் ஒரு கூரையும்தான் இருந்தன. அதனால் தைரியம் வந்தது.

நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஸ்பீக்கர் இரண்டும் ஏன் நாற்காலியைப் பார்க்காமல் கதவைப் பார்த்து நிற்கின்றன என்று கேட்கிறார்கள். உங்கள் அம்மா ஒரு பதில் சொல்கிறாள், நான் ஒரு பதில் சொல்கிறேன். இது நடந்தபோது, பெரியவளே, நீ ஹாஸ்டலில் இருந்தாய். சின்னவளே, நீ வீட்டில் இருந்தாலும், அளக்கிற நேரத்தில் வெளியே போகச் சொல்லிவிடுவேன். அதனால் இருவருக்கும் எழுதி வைக்கிறேன்.

நான் ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். பகல் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் அமைதி வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு நல்ல சத்தம் வேண்டும். காஞ்சிபுரத்தில் மில் முதலாளிக்குச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போனபோது, ஒரு ஆம்ப்ளிஃபயரையும் இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டையும் எடுத்துப்போக ஆள் தேடினார். நான் லோடு ஆட்டோவோடு போனேன். உங்கள் அம்மா ஸ்பீக்கரைச் சுற்றி வந்து பார்த்தாள். இரண்டு நெல் மூட்டை வைக்கிற இடம் போயிற்று என்று சொன்னாள். அப்புறம் ஒன்றின் தலையில் ஒரு துணியை விரித்து ஊறுகாய் ஜாடியை வைத்தாள்.

டி.வி.யில் செய்தி வந்தாலும் பாட்டு வந்தாலும் இப்போதெல்லாம் எண்களாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. எண்ணைக் காதால் கேட்க முடியாது. அதை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதுதான் கன்வெர்ட்டர். நான் வரவழைத்தது சோப்பு டப்பா அளவு இருந்தது. அதற்குள் இன்னொரு வேலையும் நடக்கும். எண்கள் மின்சாரமாவதற்கு முன்னாலேயே, எந்தச் சத்தத்தைக் குறைக்கவேண்டும், எதைக் கொஞ்சம் தூக்கவேண்டும் என்று நாம் சொல்லி வைத்தால் அதன்படி திருத்தி அனுப்பும். அறை ஒரு பக்கம் கெடுக்கப்போகிறது, அதற்கு எதிர்ப்பக்கமாக நாமே முதலில் கெடுத்துவிடுகிறோம் என்று நான் புரிந்துகொண்டேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். கெடுக்கிறதுக்கு ஒரு பெட்டியா என்று கேட்டுவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

அந்தப் பெட்டி வந்த சமயத்தில்தான் அம்மாவைப் பெற்ற உங்கள் தாத்தாவும் வந்தார்.

அவர் தாமல் கிராமத்தில் தனியாக இருந்தார். ஏரிக்கரையில் இறங்கும்போது வழுக்கி விழுந்து, யாரோ பார்த்துத் தூக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. அம்மா போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கால் சரியாகிறவரைக்கும் என்று சொல்லித்தான் வந்தார். கால் சரியாகிவிட்டது. பிறகு, வருகிற வெள்ளிக்கிழமை போகிறேன் என்று வாராவாரம் சொல்ல ஆரம்பித்தார்.

போகிறேன் என்பதற்குக் காரணம் காது. கனத்த சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்கும், பேச்சின் முனைகள்தான் கேட்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காதில் மாட்டுகிற மெஷின் கொடுத்தார்கள். அது கூவுகிறது என்று கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். தாமலில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், பக்கத்தில் வந்து காதுக்குள் கத்திப் பேசுவார்கள். இங்கே நான் மில்லுக்கும் சின்னவள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் அவருக்குத் துணை டி.வி.தான். தரைக்கு டைல்ஸ், மேலே கான்கிரீட். செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். எனக்கே அப்படி என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அம்மா ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

“நைனா போனா மறுபடியும் அந்த ஏரிக்கரைக்குத்தான் போவாரு. வுயுந்தா யாரு பாக்கறது? நான் அங்க போய் குந்திக்க முடியுமா?”

“அவருக்கு டி.வி. மட்டும் புரிஞ்சா இருப்பாரா?”

“புரிஞ்சா பொயுதாவது போவும்” என்றாள்.

அந்தப் பெட்டிக்கு அன்றைக்குத்தான் உண்மையான வேலை வந்தது.

அறையை அளப்பதற்கு ஒரு சின்ன மைக் இருக்கிறது. லேப்டாப்பில் ஒரு சத்தம் போடும். அடியில் ஊம் என்று ஆரம்பித்து, மெதுவாக ஏறி, கடைசியில் விசிலாகி மறையும். அது ஸ்பீக்கரில் வந்து, அறையெல்லாம் மோதி, மைக்கில் விழுந்தபின் லேப்டாப் ஒரு கோடு போடும். எங்கே அறை தூக்குகிறதோ அங்கே கோடு மலையாகும், எங்கே விழுங்குகிறதோ அங்கே பள்ளமாகும். அந்த நேரத்தில் வேறு சத்தம் வரக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜைப் பிடுங்கி, கோழிகளைப் பின்பக்கம் விரட்டிவிட்டு ஆரம்பித்தேன். சின்னவளே, அன்றைக்கு நீ ஜன்னலுக்கு வெளியே தும்மினாய். அந்தத் தும்மல் கோட்டில் இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா வந்து, உங்க வூட்டு மோட்டார் இன்னாமோ மாதிரி கத்துது, ஆஃப் பண்ணுங்க என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனார்.

மைக்கை, கேட்கிறவரின் தலை இருக்கும் இடத்தில் வைக்கவேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தாத்தாவுக்கென்று மெத்தை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி நடு அறையில் போட்டிருந்தேன். அவர் உயரத்துக்குக் கணக்குப் பார்த்து, நாற்காலியின் முதுகில் ஒரு கொம்பைக் கட்டி மைக்கை அதில் பொருத்தினேன். அளந்தேன், கோணலைக் குறித்தேன், பெட்டிக்குள் ஏற்றினேன். பிறகு நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். செய்தி வாசிக்கிறவர் கிணற்றிலிருந்து ஏறி வந்து முன்னால் நின்றார். எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் அம்மா சிரிப்பாள், ஆனால் கலங்கியது.

தாத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டி.வி.யைப் பார்த்தார்.

“எப்படி கீது மாமா?”

“நல்லா கீது மாப்ள.”

கொஞ்ச நேரத்தில் எழுந்து, வழக்கம் போல வாசல் கதவோரம் போய்த் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஏன் மாமா என்றேன். காற்று வருகிறது என்றார். காற்று வரத்தான் செய்தது, நம்பிவிட்டேன்.

அந்த வாரமும் வெள்ளிக்கிழமை போகிறேன் என்றார். அம்மா ஏதோ காரணம் சொல்லி நிறுத்தினாள். எனக்குப் பேஜாராக இருந்தது. ஒருவேளை அவர் வயதுக்கு இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டுமோ என்று பேச்சு இருக்கிற பகுதியைத் தூக்கிப் பார்த்தேன். நல்லா கீது மாப்ள என்றார். அடிச்சத்தத்தைக் குறைத்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது. ஒரு தடவை தவறுதலாக முழுத் திருத்தத்தையும் எடுத்துவிட்டேன், அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. நன்றாக இருப்பதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? நன்றாகக் கேட்கிற மனிதர் ஏன் ஊருக்குப் போகவேண்டும் என்றுதான் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் லேப்டாப்பை அந்தப் பெட்டியில் செருகி ஏதோ மாற்றிவிட்டு, டி.வி.யைப் போட்டுவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது தாத்தா கதவோரம் உட்கார்ந்து செய்தியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே தலையை ஆட்டினார்.

“இன்னைக்கு எப்படி கீது மாமா?”

“நல்லா கீது மாப்ள. நேத்தைக்கு இன்னைக்கு நல்ல தெளிவு.”

எனக்குச் சந்தோஷம். அப்புறம்தான் அறையில் சத்தமே இல்லை என்பது தெரிந்தது. பெட்டியை லேப்டாப் பக்கத்திலிருந்து டி.வி. பக்கத்துக்குத் திருப்ப மறந்திருந்தேன். செய்தி வாசிக்கிறவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். தாத்தாவும் நானும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தோம்.

சமையலறையில் அம்மா நின்ற இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். நான் உள்ளே போனதும் புடவைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“அவரு மாப்பிள்ளைகிட்ட கொறை சொல்லுவாருன்னு எதிர்பாக்கறீங்களா? கல்யாணம் ஆனதுல இருந்து உங்கள ஒரு வார்த்தை சொல்லி கீறாரா? தீவாளிக்கு செருப்பு வாங்கிக் குடுத்தீங்களே, சின்னதா. இன்னா பண்ணாரு?”

என்ன பண்ணினார் என்பது எனக்கும் நினைவு வந்தது. நல்லா கீது மாப்ள என்று சொல்லி, பாதி குதிகால் வெளியே நிற்க, பண்டிகை முடிகிறவரை அதைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

“அந்த நாக்காலியிலகூட குந்த மாட்டேன்றாரே?”

“பொண்ணு வூட்ல நடு வூட்ல நாக்காலி போட்டு குந்திட்டா, அப்புறம் எய்ந்து போவ முடியாதுன்னு நெனைக்கறாரு. கதவாண்ட குந்தினா வந்தவரு. வந்தவரு எப்ப வோணா கெளம்பலாம்.”

இவளுக்கு இது முதலிலிருந்தே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள். நான் நாற்காலியைக் கேட்டேன், மைக்கைக் கேட்டேன், லேப்டாப்பைக் கேட்டேன். இவளைக் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் எப்படி கீது என்று கேட்பதை விட்டுவிட்டேன். அது அளவுகோல் இல்லை. செய்தியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மழை வருமா மாமா என்று கேட்டேன். தாத்தா கதவு வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, வரும்போல கீது மாப்ள என்றார். அன்றைக்குச் செய்தியிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எந்த ஊரில் மழை என்று கேட்டேன். எல்லா ஊர்லயும்தான் என்றார். அன்றைக்குச் செய்தியில் சொன்னது கன்னியாகுமரியில் மட்டும். அவருக்கு எதுவுமே கேட்கவில்லை என்று அப்போது முடிவாயிற்று.

அவர் முடிவெட்டிக்கொள்ளக் கடைத்தெருவுக்குப் போன காலையில் மறுபடி அளந்தேன். கதவோரத்தில் அவருடைய காது சரியாக எந்த உயரத்தில் இருக்கும் என்பதுதான் கேள்வி. நாற்காலிக்குப் போட்ட கணக்கு இங்கே உதவாது. அம்மா சுவரைக் காட்டினாள். தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை வட்டமாகப் பிடித்திருந்தது. அதைச் சோடா மாவு போட்டுத் தேய்க்கவேண்டும் என்று அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேய்த்துவிடாதே என்று சொல்லிவிட்டு, வாளியைக் கவிழ்த்து, மேலே செங்கல் வைத்து, கறைக்கு நேராகக் காது வருகிற இடத்தில் மைக்கை நிறுத்தினேன்.

லேப்டாப் போட்ட கோட்டைப் பார்த்தேன். மில்லில் ஊதிவிட்ட உமி எல்லாம் போய் மூலையில் குவிகிற மாதிரி, அறையின் அடிச்சத்தம் எல்லாம் கதவோரத்து மூலையில் போய்க் குவிந்திருந்தது. நாற்காலியில் சமமாக இருந்தது இங்கே மலை. பேச்சு இருக்கவேண்டிய இடம் பள்ளம். கனத்த சத்தம் மட்டும் கேட்கிற காதோடு, அறையிலேயே சத்தம் கனத்துக் கிடக்கிற இடத்தில் மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் வசதிக்காக நான் செய்த திருத்தமெல்லாம் ஆள் இல்லாத நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மலையைப் பெட்டியில் வெட்டினேன். பள்ளத்தை அதிகம் தூக்கக்கூடாது, தூக்கினால் ஸ்பீக்கர் திணறும் என்று படித்திருந்ததால் கொஞ்சம்தான் தூக்கினேன். ஸ்பீக்கர் இரண்டையும் கதவைப் பார்க்கத் திருப்பினேன். ஊறுகாய் ஜாடியை இறக்க அம்மா சம்மதிக்கவில்லை, ஜாடியோடு திருப்பினேன். ஆனால் எதிரொலி இருக்கிறதே, ஒரு சொல் முடிவதற்குள் போன சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அதன் மேல் விழுவது, அதைப் பெட்டியால் திருத்த முடியாது. அது வீடியோவிலேயே சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பாதிதான் எனக்குப் புரியாமல் இருந்தது. வெளிநாட்டுக்காரர் சுவருக்குப் பஞ்சுப் பலகை அடித்திருந்தார். நாங்கள் பின்கட்டில் இருந்த நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து எதிர்ச்சுவர் ஓரம் அடுக்கி, மேலே பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். கைதட்டிப் பார்த்தேன். சத்தம் போன இடத்திலேயே நின்றது. அம்மா, மூட்டை மறுபடி இங்கேயே வந்துவிட்டது பார்த்தீர்களா என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப மோசமாக இருந்தது. எனக்கு நிம்மதியாயிற்று.

தாத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நல்லா கீது என்றுவிடுவார். சாயங்காலம் அவர் வந்து கதவோரம் உட்கார்ந்தார். சுவர் ஓரம் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். நான் டி.வி.யைப் போட்டுவிட்டு, எனக்கு வேறு வேலை இருப்பதுபோல ஒரு ஒயரை எடுத்து முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பூண்டு உரிக்கிற சாக்கில் நிலைப்படியில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமைக்கு அவளிடம் காரணம் எதுவும் மிச்சம் இல்லை.

செய்தி ஆரம்பித்தது. தாத்தா சுவரிலிருந்து தலையை எடுத்தார். டி.வி.யைப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். மழைச் செய்தி வந்தது. வடகிழக்குப் பருவமழை, ஏரிகள் நிரம்பிவிட்டன என்று வாசித்துக்கொண்டே போனார்கள். தாத்தாவின் நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஒயரில் முடிச்சு இறுகிவிட்டது.

“மாப்ள.”

“மாமா.”

“இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்? கொறைங்க. காது கொடையுது.”

அம்மாவின் கை பூண்டில் அப்படியே நின்றது. நான் எழுந்து சத்தத்தைக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் என்றார், குறைத்தேன். போதும் என்றார். பிறகு, அந்தப் பையன் ஏன் இவ்வளவு வேகமாக வாசிக்கிறான், பஸ் போய்விடுமா என்று கேட்டார். அந்த நாற்காலி டி.வி.யை மறைக்கிறது, யார் அதை நடுவில் போட்டது என்று கேட்டார். நான் நாற்காலியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் மூன்று குறைகள் அவை. அடுத்தடுத்து வந்ததால் எனக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுபவிக்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அம்மாவிடம் ரசத்தில் புளி ஜாஸ்தி என்றார். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாமலுக்குக் கிளம்பினார். அம்மா தடுக்கவில்லை. கட்டுச்சோறு கொடுத்தாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அன்று பூராவும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் டி.வி.யைப் போடவில்லை. போட்டால் அவர் இல்லாத இடத்துக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாத்தா திரும்பி வந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாராம். ஏரியில் பாதித் தண்ணீர்தான், செய்தியில் சொன்னது தப்பு என்றார். அக்குளில் தாமல் வீட்டிலிருந்து ஒரு இலவம்பஞ்சுத் தலையணையை இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கதவோரம் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அம்மா காபித் தம்ளரோடு உள்ளிருந்து வந்து, அந்தத் தலையணையைப் பார்த்தாள். பிறகு தம்ளரைக் கொடுத்துவிட்டு, வேண்டாத வேகத்தோடு உள்ளே போனாள்.

டி.வி.யைப் போட்டேன். தாத்தா கொஞ்சம் கேட்டார்.

“மாப்ள, நேத்து இருந்த மாதிரி இல்லையே.”

பார்த்தேன். தலையணை உயரத்தில் அவர் தலை எண்ணெய்க் கறைக்கு நாலு விரற்கடை மேலே போயிருந்தது. நாலு விரற்கடைக்கு அவ்வளவு வித்தியாசம் வருமா என்று எனக்குத் தெரியாது, வீடியோவிலும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபேனை நிறுத்திவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் இன்னொரு செங்கல்லை வைத்தேன். தாத்தா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளி வைங்க என்று கையைக் காட்டினார்.